மிருதங்கக் கும்கியைத் தேடி வாங்கிய ஹெட்போன்

இரவு பதினொன்றரை இருக்கும். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "அந்தக் கொசுவை அடித்துவிட்டுப் படும்மா" என்றார். அறையில் கொசு எதுவும் இல்லை. நான் மாட்டியிருந்த திறந்த வகை ஹெட்போனிலிருந்து கசிந்த வயலின் அது. எனக்குக் கச்சேரி, அவருக்குக் கொசு. மூடிய வகைக்கு மாறியாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நான் பகலெல்லாம் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒற்று மிகுமா மிகாதா என்று எட்டு மணி நேரம் தாளில் கண்ணை நட்டுவிட்டு எழுந்தால், இரவில் ஒன்றரை மணி நேரமாவது பாட்டுக் கேட்காமல் தூக்கம் பிடிக்காது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே அறை. அவருக்கோ இலை உதிர்ந்தாலும் விழிப்பு வந்துவிடும். ஆகவே நான் தேடியது பயணத்துக்கான கருவி அல்ல. ஓடும்போது மாட்டிக்கொள்வதற்கும் அல்ல. நாற்காலியில் சாய்ந்து, வெளியே ஒரு சொட்டு ஒலியும் சிந்தாமல், ஒன்றரை மணி நேரம் மாட்டியிருப்பதையே மறக்கச் செய்யும் ஒன்று. தேடி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. இப்போது என்னிடம் இருப்பது பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ, 80 ஓம் வகை (ஓம் என்பது மின்தடையின் அளவு). அதற்கு வந்து சேர்ந்த வழியில் கற்றுக்கொண்டதுதான் அந்தக் கருவியைவிட உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அதனால் கதையைச் சற்றுத் தள்ளியிருந்தே தொடங்குகிறேன்.

ஹெட்போனுக்குள் இருக்கும் சவ்வு அதிரும்போது முன்பக்கம் எவ்வளவு ஒலி எழுகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு எழும். திறந்த வகையில் அந்தப் பின்பக்க ஒலி சல்லடை போன்ற மூடி வழியே வெளியே போய்விடும். இசை விசாலமாகக் கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பங்கு கிடைக்கும். மூடிய வகையில் அது போவதற்கு வழி இல்லை. காதை மூடும் கிண்ணத்துக்குள்ளேயே அடக்கியாக வேண்டும். சரியாக அடக்காவிட்டால் அது மோதித் திரும்பி முன்பக்க ஒலியோடு கலந்து, குடத்துக்குள் தலையை விட்டுக் கேட்பது போலாகிவிடும். நல்ல மூடிய ஹெட்போன் செய்வது, நல்ல திறந்த ஹெட்போன் செய்வதைவிடக் கடினம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். குடம் போல ஒலிக்கிறதா என்று பார்க்கத் தம்புராவைவிட நல்ல உரைகல் இல்லை. மாறாத சுருதி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஏதாவது ஒரு சுரம் மட்டும் வீங்கி எழுந்தால் அது தம்புராவின் குணம் அல்ல, கிண்ணத்தின் குணம்.

என்னிடம் முன்பே ஒரு மூடிய ஹெட்போன் இருந்தது. பெயர் வேண்டாம். செயற்கைத் தோல் உறை போட்ட மெத்தைகள். மூன்றாம் வருடம் அந்தத் தோல் உரியத் தொடங்கியது. கேட்டு முடித்து எழுந்தால் கன்னத்திலும் கழுத்திலும் கருந்துகள்கள் ஒட்டியிருக்கும். ஒருநாள் திருத்தி முடித்த தாளின் மீது ஒரு துகள் விழுந்து, முற்றுப்புள்ளி என்று நினைத்து நானே அதற்கு ஒரு நீக்கற்குறி போட்டேன். மாற்று மெத்தை கேட்டால், அந்த மாதிரிக்கு இப்போது கிடைப்பதில்லை என்ற பதில் வந்தது. ஒலிக்கும் பாகம் நன்றாகவே இருந்தும், மெத்தை போனதால் முழுக் கருவியும் போயிற்று. மெத்தை கழற்ற வருமா, மாற்று மெத்தை கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதையும் முதல் கேள்வியாக வைப்பதில்லை என்று அன்றிலிருந்து ஒரு விதி.

இரண்டாவது விதி அளவுகோலில் வந்தது. சிரிக்காதீர்கள், என் காதை அளந்தேன். உச்சியிலிருந்து மடல் நுனி வரை ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். தலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு சென்டிமீட்டர். மெத்தையின் உள்துளை இதைவிடச் சிறியதாக இருந்தால் காது மடங்கும். ஆழம் குறைவாக இருந்தால் மடலின் விளிம்பு உள்ளே இருக்கும் துணியில் உரசும். உரசல் முதல் பத்து நிமிடம் தெரியாது. அரை மணி நேரத்தில் ஓர் எரிச்சல், முக்கால் மணியில் வலி. கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு "சுகமாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பதற்கு இதுவே போதும். செருப்பைக்கூட நடந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்.

தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று இரவுகள் வைத்திருந்து கேட்டேன். அவற்றில் இரண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்று உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தியது. மற்றது தாடையை அசைத்தாலே மெத்தை நகர்ந்து கிர்ரென்று சத்தம் போட்டது. அது அவற்றின் குறையாக இருக்கலாம், என் தலையின் வடிவமாகவும் இருக்கலாம். இன்னொருவர் தலையில் அவை பூப்போல உட்காரக்கூடும்.

பெயர் சொல்லக்கூடியவை மூன்று. சோனி எம்டிஆர் 7506, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கி வருவது. 230 கிராம்தான், தலையில் பாரமே இல்லை. பேச்சும் பாட்டின் சொற்களும் துல்லியமாகக் கேட்கும். பதிவில் யாரோ தாள் புரட்டுவதுகூடத் தப்பாது. நாள் முழுவதும் பிழை தேடும் எனக்கு இரவிலும் பிழை தேடும் காது வேண்டாம் என்பதால் திருப்பிக் கொடுத்தேன். ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்50எக்ஸ், 2014இல் வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டலாம், நீளம் வேறுபட்ட மூன்று கேபிள்களைப் பெட்டியிலேயே தந்துவிடுகிறார்கள். துள்ளலான இசைக்கு நல்ல ஜோடி. ஏகேஜி கே371, 255 கிராம். ஏற்ற இறக்கம் இல்லாத சமன் அதன் பலம். இந்த மூன்றும் மடங்கும். மடங்குவது பைக்குள் வைக்கிறவர்களுக்கு வரம். என் ஹெட்போன் மேசையின் கொக்கியை விட்டு எங்கும் போகப்போவதில்லை. எனக்கு மடிப்புக் கீல் எதற்கு? கீல் இல்லாத, தடித்த உலோகப் பட்டை போட்ட, வெல்வெட் போன்ற சாம்பல் நிறத் துணி மெத்தை வைத்த டிடி 770 பக்கம் மனம் சாய்ந்தது இப்படித்தான். 1985இல் வந்த வடிவம். மெத்தை, தலைப்பட்டை உறை என்று தேய்கிற பாகங்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. முதல் விதி நிறைவேறிற்று.

முதல் இரவு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் எப்போதும் சோதிக்கும் பதிவு ஒரு தனி ஆவர்த்தனம், கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், அதாவது கனத்த நாதம் தரும் இடப்பக்கத்தில், அடித்த கையை அப்படியே அழுத்தித் தேய்க்கும்போது நாதம் வளைந்து எழுமே, அந்தக் கும்கிதான் எனக்கு எல்லாம். நல்ல கருவியில் அது காதில் மட்டுமா கேட்கும், கன்னத்தில் உணரலாம். அன்றைக்கு வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், விழும் சாப்பு என்ற அடி கண்ணாடி உடைவது போலத் தெளிவாகக் கேட்டது. தொப்பியில் விரல் விழுவதும் கேட்டது. கும்கி மட்டும் காணவில்லை. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல வறண்ட ஒரு தட்டல், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேர் இத்தனை வருடம் புகழ்ந்தார்கள் என்று கோபமே வந்தது.

கோபத்தில் இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கைகளால் பிடித்து மெல்ல அழுத்தினேன். கும்கி வந்துவிட்டது. கையை எடுத்தேன், போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. அப்போதுதான் உறைத்தது: எங்கோ காற்று போகிறது. எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தால், மெத்தைக்கும் நெற்றியோரத்துக்கும் நடுவே என் மூக்குக்கண்ணாடியின் தடித்த பிளாஸ்டிக் கை ஒரு பாலம் போலக் கிடந்தது. அதன் மேலும் கீழும் குண்டூசி நுழையும் அளவுக்கு இடைவெளி. பழைய கண்ணாடி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. மெல்லிய உலோகக் கம்பிக் கை. அதை மாட்டிக்கொண்டு கேட்டேன். கையால் அழுத்தாமலேயே கும்கி கன்னத்தில் வந்து உட்கார்ந்தது.

மூடிய ஹெட்போனின் ரகசியம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கிண்ணம், மெத்தை, தலை மூன்றும் சேர்ந்து ஓர் அறை. அடிநாதம், அதாவது சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி, அந்த அறையின் காற்றை அழுத்தித்தான் காதை எட்டுகிறது. ஓட்டை இருந்தால் அழுத்தம் நிற்காது. முதலில் ஓடிவிடுவது அடிநாதம்தான். உயர் சுரங்களுக்கு ஓட்டை ஒரு பொருட்டே அல்ல, அவை எப்போதும் போலக் கேட்கும். அதனால் கேட்பவர் "ஒலி மெலிந்து கூர்மையாக இருக்கிறது" என்று கருவியைத் திட்டுவார். தடித்த கண்ணாடிக் கை, காதுக்குப் பின்னால் அடர்ந்த முடி, தாடைக்குக் கீழ்ப் பள்ளம், கெட்டியாகிப் போன பழைய மெத்தை, எது வேண்டுமானாலும் ஓட்டை போடும். சௌகரியத்தையும் ஒலியையும் தனித்தனிப் பத்தியில் மதிப்பிடும் வழக்கம் மூடிய வகைக்குப் பொருந்தவே பொருந்தாது. மெத்தை தலையில் சரியாகப் பொருந்தினால் இரண்டும் கிடைக்கும்; பொருந்தாவிட்டால் இரண்டும் போகும். உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கும் சோதனையை எந்த ஹெட்போனுக்கும் செய்யுங்கள். அழுத்தும்போது அடிநாதம் குபுக்கென்று கூடினால் உங்கள் தலைக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை.

பிடிமானம் பற்றி ஒரு சொல். டிடி 770 தலையின் இருபுறமும் சுமார் 3.5 நியூட்டன் விசையோடு பிடிப்பதாக அதன் விவரத்தாள் சொல்கிறது. கிட்டத்தட்ட 350 கிராம் எடை அழுத்துவதற்குச் சமம். கேபிள் நீங்கலாக 270 கிராம் எடையைத் தலை உச்சி மட்டும் சுமக்காமல் இந்தப் பிடி பகிர்ந்துகொள்கிறது. தளர்வாகப் பிடிப்பது சுகம் என்று நினைக்கிறோம், ஆனால் தளர்ந்தால் ஓட்டை. இறுகினால் தலைவலி. புதிதில் எனக்குச் சற்று இறுக்கமாகவே இருந்தது. இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கி, அதன் மீது மாட்டி இரண்டு இரவுகள் விட்டுவைத்தேன். தொழிலுக்கு வாங்கிய அகராதிகளுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று யார் கண்டார்கள். என் தலையைவிட ஒரு விரல் அகலம் மட்டும் கூடுதலாக வைத்தால் போதும், பட்டையை நெளித்துவிடக் கூடாது.

துணி மெத்தையா, தோல் மெத்தையா என்பதற்கு என் தீர்ப்பு துணி. தோல் வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், அடிநாதத்தையும் கெட்டியாகப் பிடித்துவைக்கும். ஆனால் இருபதாவது நிமிடம் காதோரம் வியர்த்து, மெத்தையை எடுக்கும்போது பிசுக்கென்று ஒட்டும். துணியில் இந்தத் தொல்லை இல்லை. தூசியும் முடியும் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை, கழற்றி உதறலாம். பழையபடி மாட்டும்போது மெத்தையின் உதட்டைக் கிண்ணத்தின் விளிம்புக்குள் சுற்றிச் சுற்றி நுழைக்க வேண்டும், தலையணைக்கு இறுக்கமான உறை போடுவது போல. அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை அல்ல.

ஓம் கணக்கில் பலர் வழுக்கி விழுகிறார்கள். டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகிறது. எண் பெரிதானால் தரம் பெரிது என்று நினைத்து 250 ஓமை வாங்கி, கைப்பேசியில் செருகிவிட்டு, ஒலி போதவில்லை என்பார்கள். கணக்கு எளிது. அரை வோல்ட் தரும் ஒரு கருவி 250 ஓமுக்கு 1 மில்லிவாட் கொடுக்கும். அதே அரை வோல்ட் 32 ஓமுக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிவாட் கொடுக்கும். வித்தியாசம் சுமார் 9 டெசிபல், காதுக்கு நன்றாகவே தெரியும் அளவு. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் 250 ஓமை வாங்கட்டும். என் மேசையில் ஒரு மடிக்கணினி, அதில் செருகிய, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக்கும் சிறிய மாற்றி, அவ்வளவுதான். 80 ஓம் போதும் என்று நிறுத்திக்கொண்டேன், குறை தெரியவில்லை.

இனி ஒலியின் குணம். டிடி 770இன் உயர் சுரம் தூக்கலானது; 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு உண்டு. தாளத்தட்டு மினுங்கும், வயலின் வில் நரம்பைத் தொடும் கணம் தெரியும். ஆனால் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடும் பாடகர்களின் சகரம் ஊசியாகும். இதைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அலுப்புத் தட்டும். கணினியில் ஈக்வலைசரை, அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் செயலியை, திறந்து அந்த இடத்தை 4 டெசிபல் தணித்துவைத்திருக்கிறேன். முப்பது நொடி வேலை. அதைச் செய்ய மனமில்லாதவர்களுக்கு இந்த ஹெட்போனை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடு ஸ்தாயி சற்றே பின்வாங்கி நிற்கும். பாடகர் மேடையின் முன் விளிம்பில் இல்லாமல் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாடுவது போல. வீணைக்கு அது ஒரு குறையே அல்ல. அடிநாதம் தாராளம், கும்கியைச் சொல்லிவிட்டேன். மூடிய வகைக்கு வியப்பான விசாலமும் உண்டு, என்றாலும் திறந்த வகையிலிருந்து வருகிறவர் ஒரு சுவர் எழும்பியிருப்பதை உணராமல் இருக்க முடியாது. நான் இன்னும் அந்தத் திறந்த ஜோடியை விற்கவில்லை. அப்பா அத்தை வீட்டுக்குப் போகும் நாட்களில் அதற்கு விடுதலை.

கேபிள் 3 மீட்டர், கிண்ணத்தோடு பிணைந்தே வருகிறது, கழற்ற முடியாது. எனக்கு நாற்காலி தூரம் என்பதால் நீளம் வசதி, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவைத்திருக்கிறேன். கழற்றி மாட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, நிறுவனத்தின் நூறாவது ஆண்டையொட்டி 2024இல் வந்த புரோ எக்ஸ் பதிப்பு இருக்கிறது. 48 ஓம், கேபிள் தனியாகக் கழலும். கம்பியில்லா வகையை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் மின்கலம் மெத்தையைவிட மாற்றக் கடினமானது. நாற்காலியை விட்டு நகராதவளுக்குக் கம்பி ஒரு தடையும் அல்ல.

ஒலியளவைச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை. 90 டெசிபலுக்கு ஏறினால் அதே எல்லை வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். மெத்தையில் ஓட்டை இருந்த அந்த முதல் இரவில், காணாமல் போன கும்கியைத் தேடி நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். கண்ணாடியை மாற்றிய பிறகு பார்த்தால் பழைய அளவில் பாதிக்கும் கீழே கேட்கிறேன். காதுக்கும் நல்லது, அப்பாவுக்கும் நல்லது.

அப்பா சோதனைக்கு வருகிறேன். நான் மாட்டிக்கொண்டு வழக்கமான அளவில் ஓடவிட்டு, அவர் கட்டில் அருகே போய் நின்று, "ஏதாவது கேட்கிறதா அப்பா?" என்றேன். வாயசைந்தது, பதில் எனக்குக் கேட்கவில்லை. கழற்றிவிட்டு மறுபடி கேட்டேன். "கொசுவை அடித்துவிட்டாயா என்று கேட்டேன்" என்றார்.

சிரித்துவிட்டேன், ஆனால் இந்த வகையின் உண்மையான குறை அதில்தான் இருந்தது. வெளிச்சத்தத்தைச் சுமார் 18 டெசிபல் தணிக்கும் என்று விவரத்தாளில் படித்தபோது லாபமாகத் தெரிந்தது. மூன்றாம் இரவு அவர் தண்ணீர் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்பவே இல்லை. ஒரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவைத்துக் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கத்து அடிநாதம் போய்விட்டது, பாதி மிருதங்கம்தான் மிச்சம். கடைசியில் அவரே வழி சொன்னார். தலைமாட்டில் ஒரு டார்ச் வைத்திருக்கிறார். என் எதிர்ச் சுவரில் வெளிச்சம் ஒரு முறை விழுந்தால் தண்ணீர், இரண்டு முறை விழுந்தால் எழுந்து வா. நேற்று மூன்று முறை விழுந்தது. கழற்றிவிட்டு ஓடினேன். மணி பன்னிரண்டரை, போதும் படு என்பதற்காம்.